நினைவாற்றலுக்கு மருந்து உண்டா?

(கம்மாபுரம் பள்ளிவாசலில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பிறகு, ஒரு தந்தை மட்டும் தூணோரம் அமர்ந்திருந்தார். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவு ஷிப்ட் பார்ப்பவர். அருகில் சென்றதும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். பாதி காலியாக இருந்தது. "ஹஸ்ரத், இது மகனின் தலையணைக்கு அடியில் கிடந்தது. கேட்டால் ஞாபக சக்திக்கு என்கிறான். இது ஹலாலா, ஹராமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

மறுநாள் அந்தப் பிள்ளையே வந்தான். நீட் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருப்பவன். கூடப் படிக்கும் ஒருவன் கொடுத்தானாம். "இது போதை இல்லை ஹஸ்ரத். மயக்கம் வருவதில்லை. மாறாக, விழிப்பு வருகிறது, படிக்கத்தானே சாப்பிடுகிறேன்" என்று வாதிட்டான். பிறகு தலை குனிந்து, "மூன்று இரவுகள் தூங்காமல் படித்தேன். மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால், படித்த பக்கம் கண்ணுக்குள் தெரிகிறது. அதிலுள்ள வரி மட்டும் வரவில்லை. கை நடுங்கியது" என்றான்.

அவர்களின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அது யார் என்று எவரும் ஆராய வேண்டாம். பிறர் குறையைத் துருவுவதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. இது ஒரு வீட்டின் கேள்வியும் அல்ல. தேர்வு நெருங்கும்போது நம் பிள்ளைகள் பலரின் நெஞ்சில் இருக்கும் கேள்வி இது.

அன்றே ஹராம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அது பதிலாகாது. அவன் கேட்டது, நினைவாற்றலுக்கு மருந்து உண்டா என்பது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சேங்கொட்டை தின்ற அறிஞர்கள்

சகோதரர்களே! இந்தக் கேள்வி புதிதல்ல. நினைவாற்றலை முதலீடாகக் கொண்டு வாழ்ந்த ஒரு கூட்டம் நம் வரலாற்றில் இருந்தது. அவர்களே முஹத்திஸ்கள். ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை அறிவிப்பாளர் வரிசையோடு நெஞ்சில் சுமந்தவர்கள். அவர்கள் காலத்தில் நினைவாற்றலுக்கென ஒரு மருந்து புகழ்பெற்றிருந்தது. அரபியில் அதன் பெயர் பலாதுர். நம் நாட்டு மரத்தின் கொட்டைதான் அது. தமிழில் சேங்கொட்டை, சேராங்கொட்டை என்கிறோம். சலவைத் தொழிலாளர்கள் துணிகளில் அழியாக் குறி போட அதன் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். தோலில் பட்டால் கொப்பளிக்கச் செய்யும் கடுஞ்சாறு அது.

இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் 'ஸியரு அஃலாமின் நுபலா' என்னும் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார்கள். ஹிஜ்ரி 204-இல் மறைந்த அபூதாவூத் அத்தயாலிஸீ அவர்களும், ஹிஜ்ரி 198-இல் மறைந்த அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ அவர்களும் மனப்பாடத்திற்காகப் பலாதுரை அருந்தினார்கள். முன்னவருக்குத் தொழுநோயும் பின்னவருக்கு வெண்குட்டமும் ஏற்பட்டன என்பது அச்செய்தி. 'ஃபுதூஹுல் புல்தான்' என்னும் புகழ்பெற்ற வரலாற்று நூலை எழுதியவர் ஹிஜ்ரி 279 வாக்கில் மறைந்த அல்பலாதுரீ. அவருடைய பெயரோடே இந்தக் கொட்டை ஒட்டிக்கொண்டது. அதை அருந்தியதால் புத்தி பேதலித்து இறந்தார் என்று கூறப்படுகிறது. அருந்தியவர் அவரல்ல, அவருடைய பாட்டனார் என்போரும் உண்டு. யாராக இருப்பினும், நினைவாற்றலைத் தேடிப் போய் புத்தியையே இழந்த கதை ஒரு குடும்பத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

இதே மருந்தைப் பற்றி, ஹிஜ்ரி 256-இல் மறைந்த இமாம் புகாரீ (ரஹ்) அவர்களிடமும் கேட்கப்பட்டது. இமாமவர்களின் நினைவாற்றலைக் கண்டு வியந்த மக்கள், இவரும் பலாதுர் அருந்தியிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களின் எழுத்தர் முஹம்மத் இப்னு அபீஹாத்திம் தனிமையில் ஒருநாள், நினைவாற்றலுக்கு மருந்து ஏதும் உண்டா என்று வினவினார். தமக்குத் தெரியாது என்றார்கள் இமாமவர்கள். பிறகு, ஒருவனின் தீராத அறிவு வேட்கையும், இடைவிடாமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்பதுமே நினைவாற்றலுக்கு எல்லாவற்றையும் விடப் பயன் தருவன என்ற கருத்தைச் சொன்னார்கள்.

ஏறத்தாழ 1150 ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட பதில் இது. இன்றைய மூளை ஆய்வு இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மாத்திரை என்ன செய்கிறது?

ஆம்ஃபெட்டமின் என்ற பொருள் 1887-இல் ஜெர்மனியில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பல நாட்டுப் படைகள் இத்தகைய மருந்துகளைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தன. எதற்காக? அறிவு வளர்வதற்காக அல்ல, தூங்காமல் இருப்பதற்காக. போருக்குப் பின் ஜப்பானில் இவ்வகை மருந்து பொதுமக்களிடையே பரவி, பல்லாயிரம் பேர் அடிமையாகி, 1951-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நம் மூளையில் கோடானுகோடி நரம்பணுக்களை அல்லாஹ் அமைத்திருக்கிறான். ஓரணு இன்னோர் அணுவிடம் செய்தியைச் சொல்வது இரசாயனப் பொருள்களின் வாயிலாக. டோபமின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். எதைக் கவனிக்க வேண்டும், எது முக்கியம் என்பதை உணர்த்துவதில் இவ்விரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆம்ஃபெட்டமின் இவற்றை வலிந்து வெளியேற்றுகிறது. மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து, வெளிவந்தவை மீண்டும் உள்ளே இழுக்கப்படாமல் தடுக்கிறது. எப்படியாயினும் அவற்றின் அளவு ஏறுகிறது. விழிப்பும் உற்சாகமும் வருகின்றன. "நான் நன்றாகப் படிக்கிறேன்" என்ற நம்பிக்கையும் வருகிறது.

ஆனால் இவற்றின் அளவு குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. உணவில் உப்பைப் போல. ஏற்கெனவே சரியான அளவில் உள்ளவருக்கு மேலும் ஏற்றினால் தெளிவு கூடாது, குலையும்.

இதற்கு ஓர் ஆய்வைச் சான்றாகச் சொல்லலாம். 2023-இல் மெல்போர்ன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உடல்நலமுள்ள 40 பேருக்கு இத்தகைய மூன்று மருந்துகளையும், மருந்தில்லா வெறும் மாத்திரையையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்துச் சோதித்தனர். குறிப்பிட்ட எடையைத்தான் தாங்கும் ஒரு பையில், எந்தெந்தப் பொருள்களை வைத்தால் மதிப்பு அதிகம் என்று கணக்கிடும் சோதனை அது. மருந்து உண்ட நாளில் அவர்கள் அதிகமாக உழைத்தார்கள். அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த உழைப்பின் தரம் குறைந்துபோனது. வெறும் மாத்திரையின்போது சராசரிக்கு மேல் செய்தவர்கள், மருந்தை உண்டதும் சராசரிக்குக் கீழே இறங்கும் போக்கும் தென்பட்டது. உழைப்பது போன்ற உணர்வு கூடுகிறது, பலன் கூடவில்லை. அந்தப் பிள்ளை ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

நீரை இறைக்காத சுரங்கம்

அன்பானவர்களே! நெய்வேலிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு ஊற்று நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். நம் வீடுகளில் பலர் அங்கே உழைத்தவர்கள், உழைப்பவர்கள். நீரின் அழுத்தத்தைக் காட்டும் கருவியின் மீது ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, மோட்டாரையும் நிறுத்திவிட்டு, "இப்போது அழுத்தமே தெரியவில்லை" என்று ஒருவன் மகிழ்ந்தால் அவனை என்னவென்று சொல்வீர்கள்?

தூக்கத்தை விரட்டும் பொருள்கள் செய்வது இதைத்தான். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. அதுவே உறக்கத்தை அழைக்கிறது. தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபின், அந்த அழைப்பு காதில் விழாதபடி மறைக்கிறதே தவிர, சேர்ந்ததை வெளியேற்றுவதில்லை. அதை இறைத்து வெளியேற்றுவது உறக்கம் ஒன்றுதான். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த காபியில் உள்ள காஃபினில் ஏறத்தாழ பாதி, பின்னிரவு இரண்டு மணிக்கும் உடலில் இருக்கும்.

உறக்கம் என்பது படிப்பை நிறுத்திவைக்கும் நேரம் என்று நாம் எண்ணுகிறோம். அது பிழை. பகலில் கற்றதை மூளையின் ஒரு பகுதி தற்காலிகமாக வாங்கி வைக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். ஆழ்ந்த உறக்கத்தில் அது மீண்டும் இயங்கி, அந்தப் பாடங்களை மூளையின் நிலையான ஏடுகளில் பதியச் செய்கிறது. 1924-ஆம் ஆண்டிலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்கள் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தபோது பாதிக்குச் சற்று மேல் நினைவில் இருந்தது. அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தபோது பத்தில் ஒரு பங்கே மிஞ்சியது. சோதனைக்கு உட்பட்டவர்கள் இருவரே ஆயினும், உறக்கம் நினைவைக் காக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிசெய்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்தின் பிடியில் கற்றது, மருந்தின் பிடியில்லாதபோது எளிதில் வராமல் போகலாம். 1964-இல் ஓவர்ட்டன் என்ற ஆய்வாளர், தூக்க மருந்து கொடுக்கப்பட்ட எலிகளுக்கு ஒரு வழியைப் பழக்கினார். மருந்து தெளிந்ததும் அவை அந்த வழியை அறியவில்லை. மீண்டும் மருந்து கொடுத்தபோது அறிந்தன. மனிதர்களிடம் இது எல்லா ஆய்வுகளிலும் ஒரே அளவில் காணப்படவில்லை. எனினும் பதற்றம், படபடப்பு, உறக்கமின்மை மூன்றும் சேர்ந்தால் படித்தது கூட நாவுக்கு வராது என்பதில் ஐயமில்லை. பக்கம் தெரிகிறது, வரி தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை சொன்னது வேறென்ன?

நானும் இதில் விழுந்தவன்தான்

சகோதரர்களே! இதை உபதேசமாக மட்டும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மத்ரஸாவில் ஓதி முடித்த புதிதில், ஓர் ஊரில் முதன்முறையாகத் தராவீஹ் தொழுகைக்கு நிறுத்தப்பட்டேன். மனப்பாடம் தவறிவிடுமோ என்ற அச்சத்தில், பகல் தூக்கத்தையும் இரவுத் தூக்கத்தையும் விட்டுவிட்டு, ஃபிளாஸ்க் நிறையக் கடுங்காபி வைத்துக்கொண்டு ஓதினேன். நான்காம் நாள் இரவு, சிறு வயதிலிருந்து ஓதிவந்த ஓர் அத்தியாயத்தில் நாவு நின்றுவிட்டது. நெஞ்சு படபடத்தது. பின்னால் நின்ற முதிய ஹாஃபிள் ஒருவர் மூன்று முறை எடுத்துக் கொடுத்தார்.

தொழுகை முடிந்ததும் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, எப்போது தூங்கினீர்கள்?" பிறகு கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பாயை விரித்துப் படுக்க வைத்தார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அந்தத் தந்தை மாத்திரை அட்டையை நீட்டியபோதும் அதுவே என் நினைவுக்கு வந்தது.

அவிழ்க்கச் சொன்ன கயிறு

நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது இரு தூண்களுக்கு இடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. விசாரித்தபோது, அது ஸைனப் (ரலி) அவர்களுடையது, தொழுகையில் சோர்வு வந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழுமாறும், சோர்ந்தால் அமர்ந்துகொள்ளுமாறும் வழிகாட்டினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! அது தொழுகை. தொழுபவரோ நம்பிக்கையாளர்களின் அன்னை. கட்டியிருந்ததோ வெறும் கயிறு. அதையே அவிழ்க்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், நம் பிள்ளைகள் நரம்புக்குள் கட்டிக்கொள்ளும் இந்தக் கயிற்றைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்கள்?

மார்க்கத் தீர்ப்பு

"இது மயக்கவில்லையே, கூர்மையைத்தானே தருகிறது" என்ற வாதத்திற்கு வருகிறேன். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 219-ஆம் வசனத்தில், மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அல்லாஹ் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் தீங்கு பயனை விடப் பெரிது என்பதை உணர்த்துகிறான். ஆகவே ஒரு பொருளில் சிறிது பயன் இருப்பது மட்டும் அதை ஆகுமாக்கிவிடாது. தீங்கைத் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். தனக்கும் தீங்கு இழைக்கக்கூடாது, பிறருக்கும் தீங்கு இழைக்கக்கூடாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதி.

மருத்துவர் எழுதித் தராமல் இந்த மாத்திரைகளை உண்டால் வருவன எவை? உறக்கம் கெடும், பசி அற்றுப்போகும், இரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும், மனம் அதற்கு அடிமையாகும், சிலருக்குச் சித்தப் பிரமையே உண்டாகும். மேலும் ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் இரண்டும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை. நண்பனிடம் வாங்குவதும் கொடுப்பதும் சட்டப்படி குற்றமாகும். எனவே படிப்பதற்காக என்றாலும் இது கூடாது என்பதே என் பதில்.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, கவனக் குறைபாட்டு நோய் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் பரிசோதித்து இதே மருந்தைத் தருவதுண்டு. அது மருத்துவம். நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். இந்த உரையைக் கேட்டுவிட்டு யாரும் தம் பிள்ளையின் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். அத்தகைய பிள்ளையை இழிவாகவும் பேசாதீர்கள்.

இரண்டாவது, காபி. 15-ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபியாக்கள் இரவு திக்ருக்காக அதை அருந்தினார்கள். 1511-இல் மக்காவின் ஆளுநர் கைர் பே அதைத் தடைசெய்தார். பிறகு அத்தடை விலக்கப்பட்டது. நம் தென்னாட்டுக்கு அதைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தவர் பாபா புடன் என்ற இறைநேசர் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆகவே காபி ஆகுமானதே. ஆனால் உறக்கத்தை அழிக்கும் அளவுக்குப் போனால், ஆகுமானதும் தீங்காகிவிடும். இன்று கடைகளில் விற்கும் எனர்ஜி பானங்களின் புட்டியில் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட்டே விற்கிறார்கள். வாங்கித் தருபவர்கள்தாம் படிப்பதில்லை.

உதட்டில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'கூல் லிப்' என்ற பெயரில் அது பள்ளி மாணவர்களின் பைக்குள் நுழைந்ததைக் கண்டு, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதை நாடெங்கும் ஏன் தடைசெய்யக்கூடாது என்று கேட்டது. அதிலுள்ள நிகோட்டினும் இதே டோபமினைத் தூண்டித்தான் அடிமையாக்குகிறது. சில நிமிடக் கூர்மைக்குப் பிறகு, அது இல்லாமல் புத்தகத்தைத் திறக்கவே முடியாத நிலை வருகிறது.

அப்படியானால் வழி என்ன?

இமாம் புகாரீ (ரஹ்) சொன்னதுதான் வழி. நம் ஹிஃப்ள் மத்ரஸாக்களைப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை முழுக் குர்ஆனையும் எப்படி நெஞ்சில் ஏற்றுகிறான்? பார்த்துக்கொண்டே இருப்பதால் அல்ல; தாளை மூடிவிட்டு உஸ்தாதிடம் ஓதிக் காட்டுவதால். புதிய பாடத்தோடு பழைய பாடத்தையும் நாள்தோறும் ஒப்புவிப்பதால். ஆண்டுதோறும் ரமளானில் நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள். இறுதி ஆண்டில் இரு முறை சரிபார்த்தார்கள். ஓதுவதைக் கைவிட்டால் குர்ஆன் நெஞ்சை விட்டு அகலும் என்பதற்குக் கட்டி வைத்த ஒட்டகத்தை உவமையாகக் கூறினார்கள்.

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே சோதித்துக் கண்டார்கள். ஒரு பகுதியை மறுமுறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவிருந்தது. மறுமுறை படிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. ஆனால் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுமுறை படித்தவர்களே முந்தினார்கள். உடனே கிடைக்கும் திருப்தி வேறு, நிலைத்திருக்கும் அறிவு வேறு.

இளைஞர்களே! இரவில் படித்ததை மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். இஷாவுக்குப் பின் காலந்தாழ்த்தாமல் உறங்குங்கள். ஃபஜ்ருக்கு எழுந்து, நேற்றுப் படித்ததை முதலில் ஒப்புவித்துப் பாருங்கள்.

பெற்றோர்களே! நள்ளிரவில் விளக்கு எரிவதைக் கண்டு பெருமைப்படாதீர்கள். அந்த முதிய ஹாஃபிள் என்னைக் கேட்டதை நீங்கள் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்: "எப்போது தூங்கினாய்?" மாத்திரை கிடைத்தால் அடிக்காதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் மறு ஆண்டு எழுதலாம். பிள்ளையின் புத்தி குலைந்தால் எந்த ஆண்டு எழுதுவது?

அந்தத் தந்தையும் மகனும் மருத்துவரைப் பார்த்துவிட்டார்கள். இப்போது அவன் ஃபஜ்ருக்கு வருகிறான். தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, நேற்றைய பாடத்தை நோட்டில் பாராமல் எழுதுகிறான். அவனுடைய தேர்வு இனிமேல்தான். அதன் முடிவு அல்லாஹ்வின் கையில். அவனுக்காகவும், அவனைப் போன்ற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், தெளிந்த அறிவையும், நிம்மதியான உறக்கத்தையும் அருள்வாயாக! புத்தியைக் கெடுக்கும் அனைத்தையும் விட்டு அவர்களைக் காப்பாயாக! அவர்களின் சக்திக்கு மீறிய சுமையை நாங்கள் ஏற்றிவிடாமல் எங்களையும் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.